கத்திப் படித்த சீனம்

இந்த வசந்தத்தில் ரயில்காரர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது. சீன மொழி கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு... பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில்.

ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். போகும்போது ரயில் இருந்தது. திரும்பும்போது இல்லை. ஸ்டேஷன் பலகையில் எல்லா வண்டிக்கும் நேராக ஒரே சொல் – ரத்து. “நல்லதாப் போச்சு, நிண்டிட்டுப் போ” என்றாள் அக்கா. நின்றேன்.

மறுநாள் காலை, சோபாவில் படுத்திருந்த என் தலைமாட்டில் யாரோ சீனத்தில் கத்துகிறார்கள். உங்களுக்கு எப்படி இருக்கும்?

கண்ணைத் திறந்தேன். அக்கா மகள் ஆரணி. பதினேழு வயது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கும் சமையலறை வாசலுக்குமாக நடந்தபடி ஒப்பிக்கிறாள். குசினிக்குள் அத்தான். கையில் பிளேன்டீ. கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு, கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட் கிடைத்தவர் போல இருந்தார்.

“எழும்பீட்டீரே?” என்றார் என்னைப் பார்த்து. “பிள்ளைக்கு பக் சோதினை வருது. சீனம். வாயாலை கேக்கிற சோதினை.” பக் என்பது பிரான்ஸில் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை.

யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடத்தில் படிப்பு என்பது கண்ணால் செய்கிற வேலை அல்ல; தொண்டையால் செய்கிற வேலை. பிள்ளை படிக்கிறது என்றால் குசினிக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? பிள்ளை நித்திரை. அத்தான் அப்படித்தான் தாவரவியல் படித்தார். அதே முறையில் மகள் சீனமும் படிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுப் பிடியால் கூரையைத் தட்டிப் பார்த்தாராம். “தட்டட்டும், அந்தாளுக்கும் நாலு சொல் பாடமாகும்” என்று சொல்லிவிட்டாராம் அத்தான்.

சரி, ஏன் சீனம்? அத்தானுக்கு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பாத்திரக்கடை. சாமான் எடுப்பது ஒபர்வில்லியே மொத்தக் கடைகளில், சீனர்களிடம். அங்கே லாரி லாரியாகப் பெட்டி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, நாளைக்கு உலகமே இவர்கள் கையில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். ஆரணி ஸ்பானிஷ் கேட்டாள். சீனம் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அந்தச் சித்திர எழுத்துகளைக் கோலம் போடுவது போல அத்தனை அழகாக எழுதுவாள். ஒரே ஒரு குறை – பேசமாட்டாள். சீனம் மட்டுமல்ல, எதையுமே. நாம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் ஒரு சொல் வரும். அதுவும் தகப்பன் அறைக்குள் வந்தால் நின்றுவிடும். ‘எழுத்து அருமை, வாய் திறப்பதில்லை’ என்று வருடா வருடம் ஆசிரியை எழுதி அனுப்பினார். வாய்மொழிப் பரீட்சையில் வாயைத் திறக்காமல் என்ன செய்வது?

அன்று அத்தான் கடைக்குப் புறப்பட்ட பிறகு கவனித்தேன். சீனப் புத்தகம் மேசையில் கிடந்தது. மூடியபடி. அதன்மேல் அக்காவின் வெங்காயக் கூடை. அப்படியானால் அத்தனை நேரமும் இந்தப் பெண் எதைப் படித்தாள்?

கேட்டேன். ஆரணி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பல காலம்.

அவள் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். முதலில் புத்தகத்தைத்தான் படித்தாளாம். அப்பா விரும்பிய சத்தத்தில் படிக்கப் படிக்க, அப்பாவின் பள்ளிக்கூட ராகமும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வாய்ப்பாடு சொல்கிற ராகம். சீனத்திலோ ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கென்று ஓர் ஏற்ற இறக்கம் இருக்கிறது. வாய்ப்பாட்டு ராகம் அத்தனையையும் இஸ்திரி போட்டுவிட்டது. “இது எந்தக் கோயில் பிரார்த்தனை?” என்று ஆசிரியை கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம்.

அன்று வந்த கோபத்தில் மறுநாள் காலை புத்தகத்தை மூடிவிட்டு, சொந்தமாக ஒரு வசனம் சொன்னாளாம்: ‘என் அப்பா சத்தத்தைத்தான் படிப்பு என்று நினைக்கிறார்.’ சீனத்தில். சத்தமாக. அப்பா தலையாட்டினார்.

இரண்டாவது வசனமும் சொன்னாள்: ‘இந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இல்லை.’ அதற்கும் தலையாட்டினார்.

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் தமிழ் அப்பாவுக்குத் தெரியும். பிரெஞ்சும் தெரியும். அவருக்குத் தெரியாத ஒரே மொழி சீனம் – அதை விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதன்பிறகு தினமும் காலையில் ஒரு முறைப்பாடு. கதவைத் தட்டாமல் அறைக்குள் வருவது, தோழியின் பிறந்தநாளுக்கு விடாதது, எல்லாம் வரிசையாக. ஒழுங்காகக் குறை சொல்வதற்குச் சொற்கள் வேண்டுமே? இரவிரவாக அகராதியைப் புரட்டினாள். ராகமும் விட்டுப்போயிற்று. கோபத்தில் யார் ராகம் போட்டுப் பேசுகிறார்கள்?

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் சிரிப்பை நிறுத்தினாள்.

“லியோனில் மொழிபெயர்ப்புப் படிக்க இடம் கேட்டிருக்கிறேன், சித்தி. சீனத்தில் நல்ல புள்ளி வந்தால் தருவார்கள். அப்பாவிடம் தினமும் சொல்கிறேன். அவரும் தினமும் தலையாட்டுகிறார்.”

அத்தானைப் பொறுத்தவரை பெண்பிள்ளை படிக்கிற தூரம் என்பது இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிற தூரம். நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற லியோன் அதற்குள் அடங்காது. “அம்மாவுக்குத் தெரியுமா?” என்றேன். தலையை அசைத்தாள். இல்லை. நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும்” என்றாள். சொல்லத்தான் முடியவில்லை.

ஜூனில் பரீட்சை நடந்தது. உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றாராம் பரீட்சகர். வேறு எதைக் கேட்டிருந்தாலும் திக்கியிருப்பாள். இதற்கோ மாதக்கணக்கில் ஒத்திகை! நேரம் முடிந்துவிட்டது என்று பரீட்சகரே கையைக் காட்டி நிறுத்த வேண்டியிருந்ததாம். இருபதுக்குப் பதினெட்டு. லியோனிலும் இடம் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி என் தொலைபேசிக்கு மட்டும் வந்தது.

பதினெட்டுச் செய்தி லா சப்பல் முழுவதும் பரவியது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அத்தான் தேநீரும் கொடுத்து, விடியப்புறத்துப் படிப்பின் மகிமையையும் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி, பக்கத்துக் கடை சிவம் அண்ணை, அவர் மனைவி, நான்.

சாப்பாட்டுக்கு நடுவில் அத்தான் ஆரம்பித்தார். “பிள்ளை, காலமையிலை படிப்பியே, அதை ஒருக்காச் சொல்லிக் காட்டு.”

ஆரணி என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். சொன்னாள். நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, தண்ணீர் போல ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“நல்லாயிருக்குப் பிள்ளை” என்றார் சிவம் அண்ணை. “உது என்ன பாடம்? தமிழிலை ஒருக்காச் சொல்லன்.”

“சீனப் பெருஞ்சுவரைப் பற்றின பாடம்” என்று முந்திக்கொண்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்கு அவசரத்தில் வந்த கற்பனை அவ்வளவுதான்.

“இல்லை, சித்தி” என்றாள் ஆரணி. தமிழில். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

“அப்பா... நான் லியோனிலை போய்ப் படிக்கப் போறன். இடம் கிடைச்சிட்டுது. உங்களிட்டைச் சொல்லப் பயமாயிருந்தது. அதாலைதான் ஒவ்வொரு நாளும் சீனத்திலை சொன்னனான். இப்ப சொன்னதும் அதுதான்.”

அவள் தமிழில் இத்தனை வசனம் தொடர்ந்து பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். சிவம் அண்ணை எலும்பு ஒன்றை ஆராயத் தொடங்கினார். அவர் மனைவி தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

அத்தான் சோற்றைப் பிசைந்தார். மறுபடி பிசைந்தார். கோபமா, வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை. தலை மட்டும் ஆடவில்லை. அர்த்தம் தெரிந்துவிட்டதே, இனி எப்படி ஆடும்?

கடைசியில் இலையைப் பார்த்தபடியே கேட்டார். “அங்கை இடியப்பம் கிடைக்குமோ?”

“தெரியாது, அப்பா.”

ஒரு கவளம் உருட்டினார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாத குரலில் சொன்னார். “கடையிலை புது இடியப்ப உரல் வந்து கிடக்கு. ஒண்டைக் கொண்டு போ.”

ஆரணி அழுதாள். அக்கா அழுதாள். நானும்தான். இருந்தாலும் கறியை விடவில்லை.

எங்கள் அப்பாமாரிடம் சம்மதம் வாய்ச்சொல்லாகக் கிடைக்காது. சாமானாகத்தான் கிடைக்கும்.