திரும்பி நின்ற நாற்பத்தொரு சீட்டுகள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரைத் தெரியாத மாணவர்கள் உண்டு. செயின் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. வளாகத்தில் ஓடும் அறுபது மஞ்சள் சைக்கிள்களும் அவள் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், எந்த ஸ்டாண்டிலும் விட்டுவிட்டுப் போகலாம். கெட்டுப்போனால் அவளிடம் வந்து சேரும். பதினோரு வருடமாகப் பெற்ற பிள்ளைகளைப் போல அவற்றைப் பார்த்துக்கொண்டாள். நிஜமாகவே பெற்ற பிள்ளையும் அங்கேதான் இருந்தாள். மகள் அந்த வருடம்தான் வேதியியல் வகுப்பில் சேர்ந்து விடுதியில் தங்கியிருந்தாள்.

பழுதான வண்டிக்கு அக்கா ஓர் அடையாளம் வைத்திருந்தாள். சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டால், அதை யாரும் தொட மாட்டார்கள்.

வினை அதில்தான் வந்தது. பத்து நாட்களாக, விடியற்காலையில் விடுதி ஸ்டாண்டில் பாதிக்கு மேல் சீட்டுகள் திரும்பி நின்றன. அக்கா ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தாள். பிரேக் கச்சிதம், செயின் கச்சிதம். பிள்ளைகள் எழுந்து வருவதற்குள் சீட்டுகளை நேராக்கிவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் பார்த்தால் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். விஷயம் போக்குவரத்து அதிகாரியின் காதுக்குப் போயிற்று.

“ஏம்மா, பாதி வண்டி ரிப்பேராமே? உங்களுக்கு வயசாயிடுச்சா, வண்டிக்கு வயசாயிடுச்சா?”

“எனக்கு நாப்பத்தாறு சார். வண்டிக்கு அவ்வளவு ஆகல.”

“நாளைக்கு நானே வந்து எண்ணுறேன். இதே லட்சணம்னா திட்டத்தை மூடிட்டு பஸ் விட்டுடலாம். நீங்க தோட்ட வேலைக்குப் போயிடுங்க.”

அக்காவின் நெஞ்சில் இடி விழுந்தது. மகளிடம் மூச்சு விடவில்லை. படிக்கிற பிள்ளை, எதற்குக் கலங்க வேண்டும்?

மறுநாள் காலை எட்டரைக்கு, ஒரு மஞ்சள் சைக்கிளில் வந்து இறங்கினார் அதிகாரி. விரல் நீட்டி எண்ணினார்.

“நாப்பத்தொண்ணு! இதுக்கு என்ன சொல்றீங்க?”

அக்காவின் கண்ணில் நீர் வழிந்தது.

அப்போது முதல் மணி அடித்தது.

விடுதிக் கதவு திறந்தது. படை திரண்டு வந்த மாதிரி பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வாயில் பிரெட்டோடு ஒருவன், ஒற்றைச் செருப்போடு ஒருத்தி. ஆளுக்கொரு திரும்பிய சீட்டைப் பிடித்து, கிளிப்பைத் தளர்த்தி, நேராக்கி, ஏறிப் பறந்தார்கள். ரிப்பேர் வண்டிகள் நாற்பதும் ஐந்தே நிமிடத்தில் மாயம்!

கடைசி வண்டிக்கு, தலைகூடச் சீவாமல் ஓடி வந்தவள் அக்காவின் மகள்.

“அம்மா! ஏன் அழறே?”

“நீயுமாடி?”

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “நான்தாம்மா ஆரம்பிச்சேன். சீட்டு திரும்பியிருந்தா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நீதானே வீட்டுல சொன்னே? காலையில வண்டி கிடைக்காம ரெண்டு நாள் லேட். அதான் முந்தின நாள் ராத்திரியே ஒரு வண்டியோட சீட்டைத் திருப்பி, எனக்குன்னு பிடிச்சு வெச்சேன். பக்கத்து ரூம்காரி பார்த்துட்டா... அப்புறம் விடுதியே கத்துக்கிச்சு.”

அதிகாரி பக்கம் திரும்பினாள். “சார், திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மா கை பட்ட வண்டி நிக்காது சார்!”

அக்கா மகளை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். அந்தக் கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டது. மகளின் வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்தன.

அதிகாரி தொண்டையைச் செருமினார். “ஒளிச்சு வெச்சு ஓட்டுற அளவுக்கு ஆசை இருக்குன்னா, தப்பு வண்டில இல்ல. வண்டி பத்தல. இன்னும் நாப்பது வேணும்னு இன்னைக்கே எழுதுறேன். நீங்க மட்டும் வேற அடையாளம் கண்டுபிடிங்க. அதை இவகிட்ட சொல்லாதீங்க!”

விறைப்பாகத் திரும்பி நடந்தவர், நாலடியில் நின்றுவிட்டார். அவர் வந்த சைக்கிளைக் காணோம்.

“சீட்டைத் திருப்பி வெச்சிருக்கணும் சார்,” என்றாள் மகள்.