தெற்குக் காற்று அடிக்காத ஞாயிறு

அஃப்ரா சுக்கான் பிடித்த காலம் முழுக்க அவளுடைய படகில் கயிறு வீசி, சீட்டுக் கிழித்தவன் நான். லின்ட் துறையில் படகு நிற்காமல் போனதற்கெல்லாம் நானும் உடந்தை. விசாரணைக்கு வந்தவர்களிடம் அன்று பொய் சொன்னேன். இப்போது இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டோம். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

எங்கள் ஏரியின் வடகரையில் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதன் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் பதினெட்டு வீடுதான் லின்ட். சாலை கிடையாது. போனால் படகில் போக வேண்டும். இல்லாவிட்டால் ரூதெனவ் நகரத்திலிருந்து பாறைப் பாதையில் மூன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். வழியில் இரண்டு இடத்தில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் கால் வைக்க முடியும்.

அஃப்ராவும் அவள் தங்கை ஆக்னெஸும் லின்ட்டில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் போன பிறகு நாலு ஆடும் ஒரு துண்டு திராட்சைத் தோட்டமுமாக இரண்டு பெண்களும் காலம் தள்ளினார்கள். 1962 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், ஆக்னெஸ் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வயது பத்தொன்பது. குடல்வால் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஞாயிறு அன்று எங்கள் கம்பெனியின் பயணிகள் படகு லின்ட் பக்கம் வராது. ஊரில் மோட்டார் படகு வைத்திருந்தவர் ஒரே ஒருவர், விடுதிக்காரர் மெல்கியோர். ஊர்த் தலைவரும் அவரே.

அஃப்ரா ஓடிப் போய் நின்றாள். அவர் வாசலுக்கு வந்து மலை உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"தெக்குக் காத்து கெளம்புது பொண்ணே. ஏரி நடுவுல புடிச்சிச்சுன்னா மூணு பேரும் காலி. காலையில பாக்கலாம்."

"ஒரு எலகூட ஆடலையே ஐயா."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே இந்த ஏரியப் பாத்தவன் நான். எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? போ, போய் ஒத்தடம் குடு."

அஃப்ரா ஒத்தடம் கொடுக்கவில்லை. மெத்தையைத் துடுப்புப் படகில் விரித்து, தங்கையைக் கிடத்தி, ரூதெனவ் ஆஸ்பத்திரியை நோக்கித் தானே துடுப்புப் போட்டாள். பாதி ஏரி கடந்தபோது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. மெல்கியோரின் படகு. அதில் ஜூரிக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் ஆறு பேர். கீழைக்கரையில் நடக்கும் புது ஒயின் விழாவுக்குப் போகிறார்கள். ஒருவன் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தான். அஃப்ரா எழுந்து நின்று துடுப்பை ஆட்டினாள். மெல்கியோர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகு ஒரு பெரிய வளைவு எடுத்து விலகிப் போயிற்று.

ஆக்னெஸ் உயிரோடுதான் கரை சேர்ந்தாள். ஆனால் குடல்வால் அதற்குள் வெடித்திருந்தது, செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள். அடக்கத்தன்று பாதிரியார் முன்னால் மெல்கியோர், "அன்னைக்குக் காத்து ரொம்ப மோசம். சாயங்காலம்தான் அடங்குச்சு" என்றார். எல்லார் வீட்டு ஒயினும் பாலாடைக்கட்டியும் அவருடைய விடுதியில்தான் விலை போயிற்று. ஊர் முழுக்கத் தலையாட்டியது.

அஃப்ரா யாரிடமும் சண்டை போடவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு ரூதெனவுக்கு வந்து படகுக் கம்பெனியில் தளம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு பெண் சுக்கான் பிடிப்பதா என்று சிரித்தவர்களுக்கு நடுவில் எட்டு வருடம் போராடி உரிமம் வாங்கினாள். சம்பளத்துக்காக அல்ல, பேருக்காகவும் அல்ல. லின்ட் துறையில் படகு கேட்டால் மட்டும்தான் நிற்கும். ஏறுகிறவர் கம்பத்தில் சிவப்புப் பலகையை உயர்த்த வேண்டும். நிறுத்துவதும் விடுவதும் சுக்கான் பிடிப்பவர் கண்ணில் இருக்கிறது. அதற்குள் மெல்கியோர் தம் மோட்டார் படகை விற்றுவிட்டு, படகுக் கொட்டகையை விருந்தாளிகளுக்கு அறையாக்கியிருந்தார்.

1970 மே மாதம், அவள் பொறுப்பேற்ற மூன்றாம் நாள், லின்ட் துறையில் மெல்கியோர் தனியாக நின்றார். பலகை உயர்ந்திருந்தது.

"அக்கா, பலக தூக்கியிருக்கு" என்றேன்.

"எனக்குத் தெரியல யோஸ்ட். ஒனக்குத் தெரியுதா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "தெரியலக்கா" என்றேன்.

அன்று அவர் ரூதெனவ் சந்தைக்கு நடந்தே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் மற்றவர்களோடு சேர்ந்து நிற்க ஆரம்பித்தார். அஃப்ரா படகை நிறுத்துவாள், எல்லாரையும் ஏற்றுவாள், அவர் ஏறுபலகையில் கால் வைக்கும்போது கையை நீட்டித் தடுப்பாள். "ஆள் நெறஞ்சு போச்சு. சட்டம் நாப்பத்தெட்டுதான்." ஒருநாள் அவர் எண்ணிப் பார்த்துவிட்டு நாற்பத்தாறுதான் என்று கத்தினார். "ரெண்டு ஆடு இருக்குல்ல? அதுங்களும் சீட்டு வாங்கிருக்கு. ஒங்களவிட ஒழுங்கான ஜீவன்" என்றாள். படகே சிரித்தது. ரூதெனவில் அவர் துறைக்கு ஓடி வருவதைக் கண்டால் ஊதலை ஊதிவிட்டுப் படகை விலக்குவாள். அவர் இரைக்க இரைக்க நிற்பதைப் பார்க்க எனக்கும், ஏன் பொய் சொல்ல வேண்டும், பிடித்திருந்தது.

கம்பெனிக்குப் புகார் போயிற்று. அதிகாரி வந்து விசாரித்தார். பலகை தெரியவில்லை என்றேன் நான். அன்றைக்குக் கூட்டம் என்றார்கள் லின்ட் பெண்கள். அடக்கத்தன்று தலையாட்டிய அதே பெண்கள்.

"ஒரு படகு வாங்கித் தொலைய வேண்டியதுதானே ஐயா?" என்று மதுக்கடையில் யாரோ மெல்கியோரைக் கேட்டார்கள்.

"ஒரு பொம்பளைக்குப் பயந்து நான் படகு வாங்கவா? எனக்குக் கால் இருக்கு" என்றாராம்.

அவருடைய மனைவி காத்ரியை மட்டும் அஃப்ரா ஒருநாளும் விட்டுவிட்டுப் போனதில்லை. கை கொடுத்து ஏற்றுவாள், கூடையை வாங்கி வைப்பாள். ஒருமுறை காத்ரி மெதுவாகச் சொன்னாள்: "நீ அவர நடக்க வெக்கிற. நடந்து வந்தா காலுக்கு வெந்நி ஊத்துறது நான்தான் அஃப்ரா."

"கொதிக்கக் கொதிக்க ஊத்துங்க" என்றாள் அஃப்ரா.

காத்ரி சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை.

இப்படி ஒன்பது வருடம் போயிற்று. அப்புறம்தான் யாரும் எதிர்பாராதது நடந்தது. நடந்து நடந்து மெல்கியோர் இளைத்து, இறுகி, வெயிலில் கறுத்து, அறுபத்தைந்து வயதில் மலை ஆடு மாதிரி ஆகிவிட்டார். நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகள் வியந்தார்கள். அவரும், "நான் படகுல ஏறுறதே இல்ல, ஏரிய நடந்துதான் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டார். அவரோடு நடப்பதற்கென்றே தோள்பையும் கைத்தடியுமாகக் கூட்டம் வந்தது. போகும்போது அவரோடு நடை, திரும்பும்போது எங்கள் படகு. மலைநடைச் சங்கம் அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. தொப்பியில் குத்திக்கொண்டார். விடுதிக்கு மேல்மாடி கட்டினார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் படகில் அஃப்ராவிடமே வந்து, "எவ்வளவு நல்ல மனுஷர்! ஏரியில நடந்த சாவையெல்லாம் எவ்வளவு உருக்கமா சொல்றார். தெக்குக் காத்துல ஒரு பொண்ணு செத்துப்போச்சாமே?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் இறங்கியதும் அஃப்ரா என்னிடம், "நான் குடுத்த தண்டனைய அவன் தொப்பில குத்திக்கிட்டான்டா. என் தங்கச்சிய கதையா சொல்லிச் சோறு திங்கிறான்" என்றாள். அதன்பின் நாலு வருடம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் அவள் தணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

1983 அக்டோபர், ஒரு புதன்கிழமை, பதினோரு மணி. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சந்தை முடிந்து லின்ட்டுக்குப் போகிறவர்கள் முப்பது பேருக்கு மேல் படகில் இருந்தார்கள். காத்ரியும் இருந்தாள். இரண்டாவது சங்கிலிக்குக் கீழே ஒரு சின்னக் கூழாங்கல் கரை உண்டு. அங்கே நடைக்காரர்கள் பத்துப் பேர் மேல்சட்டைகளைக் கழற்றி எங்கள் படகைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மெல்கியோர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் கோணிக் கிடந்தது.

ஆபத்தில் இருப்பவரை ஏற்றித்தான் ஆக வேண்டும். அது ஏரிச் சட்டம். அஃப்ரா படகைக் கரைப் பக்கம் திருப்பினாள். முப்பது அடி தூரத்தில் எஞ்சினை அடக்கினாள். ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"மெல்கியோர், இன்னைக்குக் காத்து எப்படி?"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. நடைக்காரர்கள் விழித்தார்கள்.

"காத்து இல்ல. வந்து ஏத்து" என்று கத்தினார்.

"அன்னைக்கு?"

அவர் குனிந்து கணுக்காலைப் பார்த்தார்.

"என்னால காத்திருக்க முடியும். எனக்குப் பழக்கம்."

"அக்கா, கால் ஒடிஞ்சிருக்கும் போல" என்றேன்.

"கால்தானே. உசிரு இல்லையே."

நடைக்காரர்களில் ஒருவன் திட்டினான். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம். கடைசியில் காத்ரி எழுந்து படகின் முனைக்குப் போனாள்.

"சொல்லிடுங்க" என்றாள் கணவனிடம். "அன்னைக்கு நான் துணி காயப்போட்டிருந்தேன். ஒரு துணி அசையல. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

மெல்கியோர் தொப்பியைக் கழற்றினார். "காத்து அடிக்கல" என்றார்.

"படகுல இருக்கவங்களுக்குக் கேக்கல."

"காத்து அடிக்கல! விருந்தாளிங்க காத்துட்டு இருந்தாங்க. பொய் சொன்னேன்."

அஃப்ரா ஒலிபெருக்கியை மாட்டிவிட்டு, படகின் மூக்கைக் கரையில் முட்டினாள். நான் ஏறுபலகை போட்டேன். அவரைத் தூக்கி வந்து பெஞ்சில் கிடத்தினோம். படகை ஆஸ்பத்திரிக்காக ரூதெனவுக்கே திருப்பினோம்; அங்கே சேரும்வரை அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காத்ரிகூட எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்தாள்.

கம்பெனி அஃப்ராவை இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. அவள் வாதாடவில்லை. ஆக்னெஸின் கல்லறைக் கல்லைக் கழுவி, எழுத்துக்குப் புதுச் சாயம் ஏற்றினாள். மெல்கியோர் லின்ட்டுக்குத் திரும்பவே இல்லை. நகரத்தில் மகன் வீட்டோடு தங்கிவிட்டார். விடுதியைக் காத்ரி தனியாக நடத்தினாள், அவர் இருந்த காலத்தைவிட நன்றாகவே.

போன வருடம் ஒரு மதியம் அஃப்ராவிடம் கேட்டேன், "அக்கா, அன்னைக்கு மனசு ஆறுச்சா?"

அவள் காபியைக் கீழே வைத்தாள். "தங்கச்சி வரலயே. அப்புறம் எப்படி ஆறும்?" என்றாள். கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "ஆனா அவன அரைமணி நேரமாச்சும் காக்க வெச்சிருக்கணும்டா. அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.