மோடத்தின் மேல் விழுந்த பழி

இந்த வீட்டு மருமகளுக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி டெலிபோன் கம்பம் வரைக்கும் கொதித்துவிடும். சரி, கம்பம் வரைக்கும் இல்லை, வாசற்படி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று வாசற்படியே தாங்கவில்லை.

அவள் மொழிபெயர்ப்பாளர். தையல் மெஷின், தண்ணீர் பம்பு என்று எதையெதையோ ஓட்டச் சொல்லித்தரும் கையேடுகளை வீட்டிலிருந்தே மொழிபெயர்த்து, டெலிபோன் லைன் வழியாகக் கம்பெனிக்கு அனுப்புவாள். மோடம் என்கிற சின்னப் பெட்டி கீச்சிட்டு, கரகரத்து, இணைப்பைப் பிடிக்கும். கோப்பு முக்கால்வாசி போயிருக்கும், பட்டென்று அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் மேலாளர் கூப்பிட்டு, "மதியத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்மா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

அந்தக் கடுப்போடுதான் கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தாள். அவர் பழைய மோடத்தைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது கட்டை வண்டிங்க. ஐம்பத்தாறு கே வேகத்துல புது மோடம் போட்டுருங்க, பறக்கும். உள்ள சொருகற கார்டு வேணுமா, வெளிய வைக்கற பெட்டியா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கார்டு விலை கம்மி. பெட்டியில லைட்டு எரியும்."

"ஏற்கெனவே என் வயிறு எரியுது, அது போதாதா?"

வேகம் கூடினால் அறுவதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்துவிடும் என்றது ஒரு மனசு. அறுந்துபோகிற லைனில் எதைப் போட்டாலும் அறுந்துபோகத்தானே செய்யும் என்றது இன்னொன்று. "முதல்ல மாட்டிக் காட்டுங்க, அப்புறம் வாங்கறேன்" என்றாள்.

புதுப் பெட்டி கண் சிமிட்டியது. கோப்பு நிஜமாகவே பறந்தது. பாதியைத் தாண்டியது. பட்!

பல்லைக் கடித்துக்கொண்டு, டெலிபோன் ஆபீஸை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காக ரிசீவரை எடுத்தாள். டயல் டோன் வரவில்லை. ரிசீவருக்குள்ளிருந்து, எங்கோ ஓடும் டிவியில் யாரோ விசும்பும் சத்தம் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு செருமல். அது யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மாடியில் இருக்கும் நாத்தனாரிடமும் ஒரு போன் உண்டு, லைன் ஒன்றுதான்; அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே மோடம் அறுந்துவிடும்.

விறுவிறுவென்று மாடியேறினாள். ஒன்றும் புரியாமல் கடைக்காரரும் பின்னாலேயே ஓடினார்.

"ஒட்டுக் கேக்கறீங்களா அண்ணி?"

ரிசீவரை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்த நாத்தனார், முடியாமல்போகவே எகிறினாள். "கேட்டா என்ன? தினமும் கதவைச் சாத்திக்கிட்டு யாரோடயோ பேசறே. எடுத்துக் கேட்டா கீ...ங்குது, கர்ர்...ங்குது. நீதான் நாலு பாஷை படிச்சவளாச்சே! எனக்குப் புரியக்கூடாதுன்னே அதுல ஒண்ணைப் பேசறியா?"

"அது மெஷின் பேசறது அண்ணி!"

"மெஷின்கிட்ட என்னைப் பத்தி அப்படி என்ன சொல்றே?"

ஒரு வாரத்து அலைச்சலும் அந்த மேலாளரின் இழுவைக் குரலும் சேர்ந்து தலைக்கேறின. கடைக்காரர் வேறு நேரம் தெரியாமல், "அப்ப பெட்டி..." என்று இழுத்தார்.

"பெட்டியும் வேணாம், கார்டும் வேணாம். அந்த ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க!"

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். அந்தப் போனைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசினாள் பாருங்கள், அது எதிர்வீட்டு மாடியைத் தாண்டி அடுத்த தெருவில் போய் விழுந்தது! கீழே வந்து பழைய மோடத்திலேயே கோப்பை அனுப்பினாள். மதியத்துக்கு முன்பே முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

இதை எழுதும்போதே, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் குறுக்கே வருகிறாள்:

"வீசவும் இல்ல, ஒண்ணும் இல்ல. போனை என் மடியில வெச்சு, ‘இனிமே நாள் பூரா காதுலயே வெச்சுக்கங்க அண்ணி’ன்னுட்டுப் போனா."