துரை லீவில் இருக்கிறார்

ஓடைக்குள் இறங்குமுன் மருதாயி செருப்பைக் கழற்றி மேட்டில் வைத்துவிடுவாள். உள்ளே பொட்டுத் தண்ணீர் கிடையாது. தை பிறந்தால் அது வெறும் கல்லும் மணலும்தான். மலையில் மழை கொட்டினால் மட்டும் ஓடும். ஆனாலும் மரியாதை மரியாதைதான். தோட்டத்து மேனேஜரைச் சொல்வதுபோல ஓடையையும் அவள் துரை என்றே சொல்வாள். “தொரை லீவுல போயிருக்காரு. வர்றதுக்குள்ள நம்ம சோலிய முடிச்சுப்புடணும்.”

சோலி என்பது முள்ளங்கி. குந்தா பக்கம் தேயிலை விலை விழுந்து இது மூன்றாவது வருஷம். வாரத்தில் இரண்டு நாள்தான் கொழுந்தெடுக்கக் கூப்பிடுகிறார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவளுக்குச் சொந்த நிலம் ஏது? தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே யாரும் உரிமை கொண்டாடாத இடம் அந்த ஓடை ஒன்றுதான். கல்லைப் பொறுக்கி ஓரம் கட்டினாள், சாணி சுமந்தாள், மணலில் ஊற்று தோண்டி டால்டா டின்னில் மொண்டு ஊற்றினாள். லயமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள், கை மட்டும் நிற்கவில்லை. பாத்தியில் நின்று யாராவது மழை என்று வாயைத் திறந்தால்தான் கோபம் வரும். “பேரச் சொல்லாத. அவருக்குத் தந்தி போயிரும்.”

மகன் ரவிச்சந்திரனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மனைவி சரிதாவோடு அம்மாவும் வந்தே ஆகவேண்டும் என்றான். தனியாக இருந்து எதைச் சாப்பிடுவாய் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கரையை விட்டு இங்கே வந்து ஒட்டிக்கொள்ளவே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஓடையில் முள்ளங்கி விளைந்தால் அவள் இங்கேயே இருக்கலாம். விளையாவிட்டால் பேசாமல் பஸ் ஏறவேண்டும்.

சித்திரை முடியவில்லை. லயத்தின் மேல் ஒரு தூறல்கூட இல்லை, மேல்மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. கல் உருளும் சத்தம் கேட்டபோது அவள் பாதிப் பாத்திதான் பிடுங்கி மேட்டில் போட்டிருந்தாள். ரவிச்சந்திரன் ஓடிவந்து கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தான். வளைவைத் தாண்டி வந்த செந்தண்ணீர் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போனது. மருதாயி நின்று அழுதாள். யாருக்கும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரிதா முகம் துடைக்கத் துண்டு கொடுத்தாள். ரவிச்சந்திரன் பெரிய பையை இழுத்துவைத்து, தன் துணிகளோடு அம்மாவின் சேலை இரண்டையும் மடித்து வைத்தான். பேசின பேச்சு பேச்சுதானே அம்மா என்று மெதுவாகச் சொன்னான். அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

“வெளஞ்சுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

மருதாயி பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை இரண்டையும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தில் மேட்டிலிருந்து அள்ளிவந்த முள்ளங்கிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.