மூன்று அரைப்படி

கடல் கடந்து போய், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கான் ஹொய் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கு குமாஸ்தாவாக இருந்த எனக்கு, நாற்பத்திரண்டாம் வயதில் ஓர் எதிரி கிடைத்தார். அந்த வயதில் மற்றவர்களுக்குச் சர்க்கரை வியாதிதான் கிடைக்கும்.

எங்கள் மாதா கோயில் பாடற்குழுவின் தலைவர் அவர். பிரெஞ்சுப் பட்டாளத்து பேண்டில் ஊதி ஓய்வுபெற்ற காரைக்கால்காரர். எல்லோருக்கும் ‘முசியே’, பிரெஞ்சில் ஐயா. நான் அங்கே கால் அர்மோனியம் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். முதல் ஒத்திகையில், “தோ-லேர்ந்து எடுப்பா” என்றார். தோ, ரே, மி, ஃபா, ஸோல், லா, சி என்பது பிரெஞ்சுக்காரர்களின் ஸரிகமபதநி. வீட்டில், பாடுகிறவரின் தொண்டைக்குத் தோதான கட்டையில் ‘ஸ’ வைத்தே வாசித்துப் பழகியவன் நான். அதே போல எனக்குத் தோதான ஒரு கட்டையைத் ‘தோ’ என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். குழு கீச்சிட்டது.

“யோவ், தோ-ன்னா இந்த ஒரு கட்டைதான்யா. ஒங்க ஸ மாதிரி போற எடமெல்லாம் தூக்கிட்டுப் போக அது என்ன வெத்தலப் பொட்டியா?”

இருபது பேர் சிரித்தார்கள். மன்னித்திருப்பேன். இரண்டாம் வரிசையில் நின்ற என் மனைவியும் சிரித்தாள். அதை மன்னிக்க முடியவில்லை. அவள் என் பக்கம் நின்று அவரைப் பார்த்துச் சிரிக்கும் நாள் வந்தே தீரவேண்டும்.

நடைபாதைக் கடையில் ஒரு பழைய பிரெஞ்சு இசைப் புத்தகம் வாங்கினேன். கிடங்குக்கு வெளியே அமெரிக்கப் பட்டாளத்து லாரிகள் உறும, சாப்பாட்டு நேரத்தில் சரக்குப் பெட்டி மூடியில் சாக்பீஸால் கட்டைகளை வரைந்தேன். அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டைக்கு நடுவே கறுப்பு இருந்தால் முழுப்படி, இல்லாவிட்டால் அரைப்படி. மி-யும் ஃபா-வும் அரைப்படி தூரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. சி-யும் மேல் தோ-வும் அப்படியே. தோ-விலிருந்து ஸோலுக்கு ஏழு அரைப்படி. நம் ஸ-விலிருந்து ப-வுக்கும் அதே ஏழு!

அப்போதுதான் பிடிபட்டது. இடைவெளிகள் மாறாதவரை, பாட்டை எந்தக் கட்டையிலிருந்தும் தொடங்கலாம். முசியே சொன்னதும் சரி, நான் செய்ததும் முழுத் தப்பில்லை. அதோடு அவருடைய தனிப்பாட்டில் உச்சிச் சுரம் மி. அதற்கு மேலே அவர் தொண்டை போகாது. ஒத்திகைதோறும் கவனித்து வைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அந்தத் தனிப்பாட்டை மூன்று அரைப்படி மேலே தூக்கி ஆரம்பித்தேன். மூன்று கறுப்புக் கட்டைகள் புதிதாக விரலுக்கடியில் வந்தன. அவசரமாக மிதித்ததில் துருத்தி இருமியது. முசியே நெஞ்சை நிமிர்த்தி ஏறினார், ஏறினார், உச்சியில் மி இருந்த இடத்தில் ஸோல் காத்திருந்தது. குரல் கிழிந்தது. அதைவிட இனிய நாதத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். “தோ-வ எங்கய்யா கொண்டு போன?”

“நீங்க வச்ச எடத்துலயேதான் இருக்கு முசியே. பாட்டுதான் கொஞ்சம் நகந்துருச்சு.”

பின்னால் என் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீடு திரும்பும் சிக்லோ ரிக்ஷாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

“பாத்தியா, ஒன் முசியே மொகத்த?”

“அவரப் பாத்து யாரு சிரிச்சா? ஒங்க சட்டையப் பாருங்க.”

குனிந்தேன். பொத்தான்கள் எல்லாம் ஒரு ஓட்டை மேலே தள்ளி மாட்டியிருந்தன.

இடைவெளி என்னவோ சரியாகத்தான் இருந்தது.