ராத்திரியில் தடவிய வெயில் கிரீம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடை. விழுப்புரம் - திண்டிவனம் தடத்தில் ஓடிய தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர், ஏழுமலை அண்ணன் டிரைவர். அவருடைய வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, சிவந்து தடித்திருந்தது. ஜன்னல் பக்கம் இல்லாத இடது கையில் ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை வளைக்கும்போதெல்லாம் முகம் சுளித்தார்.

முதலாளி பார்த்துவிட்டார்.

"இந்தக் கைய வெச்சிக்கினு இத்தினி பேர எப்பிடி இட்டுக்கினு போவ? மாசக் கடைசிக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் போட்டுருவேன். கோச்சிக்காத ஏழுமல."

அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. மறுநாளே தோல் டாக்டரிடம் போனார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, தடிப்புக்கு ஒரு களிம்பும் வெயிலுக்கு ஒரு கிரீமும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். ஆனாலும் காலையில் வற்றியிருக்கும் தடிப்பு மதியத்துக்குள் மறுபடி சிவந்தது.

வழியில், கூட்டேரிப்பட்டு டீக்கடையில் அண்ணனைக் கேட்டேன்.

"மருந்து ஒழுங்கா போடுறீங்களாண்ணே?"

"ஒரு நாளு தவறல. ராத்திரி சாப்புட்டு, ரெண்டையும் தடவிக்கினுதான் படுக்கறேன்."

"காலைல?"

"சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வர்றேன். பிசுபிசுன்னு ஸ்டியரிங்க புடிக்க முடியுமா?"

டீக்கடை அக்கா சிரித்துவிட்டார். "நெலா வெளிச்சத்துல கறுத்துருவாருன்னு பயம் போல!"

தைலமோ களிம்போ, படுக்கும் நேரத்தில் தடவுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். அண்ணன் வெயில் கிரீமையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்; வெயிலில் வண்டி ஓட்டும்போது அது கையில் துளியும் இல்லை.

மறுநாள் முதல் களிம்பு மட்டும் ராத்திரிக்கு. கிரீமை வண்டி எடுப்பதற்கு முன்பே மணிக்கட்டுக்கு மேல் தடவினார். வியர்த்து வழிந்த பிறகு மறுபடியும். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டதால் ஸ்டியரிங் வழுக்கவில்லை. அதன்மேல் முழுக்கைச் சட்டை. தினமும் வரும் பால்காரர் விடவில்லை.

"இன்னாண்ணே, கிரீமெல்லாம் பலமா இருக்குது? பொண்ணு பாக்கவா?"

"ஆமா, ஒன் மாமியாரத்தான்."

மாதக் கடைசியில் முதலாளி வந்து, சட்டைக் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தார். தடிப்பு இல்லை. "நாளைக்கும் நீயே எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இரண்டு டீ சொன்னார்.

வெயிலில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எடுக்கும் முன் டயரைப் பார்ப்பீர்கள், பிரேக்கைப் பார்ப்பீர்கள். அப்போதே உங்கள் கையையும் கவனித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.