மாமா வாங்கிய மீன்

இனிப்புநீர் நோய் முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அம்மாவின் அண்ணன் சாலாக் செலாத்தானில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதுவரை கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். அம்மா அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். எந்தச் சட்டை, எத்தனை இட்லி, எப்போது தூக்கம், எல்லாம் அம்மாவின் உத்தரவு. தொலைக்காட்சி ரிமோட்டைக்கூட மாமா கேட்டுத்தான் வாங்க வேண்டும். புண் நன்றாக ஆறிவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். மாமாவோ யார் விசாரித்தாலும், "எங்க நல்லா இருக்கு? ஏதோ இருக்கேன்லா" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பாசாருக்குப் போலாம் வா. மீன் வாங்கணும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. சக்கர நாற்காலியைத் தள்ளப் போனேன். "கைய எடு. கூட வா, போதும்" என்றார். சரிவில் அவரே சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். மீன்கடைச் சீனரிடம் மலாய் மொழியில் சத்தமாகப் பேரம் பேசினார். செவுளைத் தூக்கிப் பார்த்து இரண்டு மீன்களைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் நான் கேட்டிராத அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பும்போது சாலையோரக் குழியில் சக்கரம் இறங்கியது. மாமா, மீன், நாற்காலி எல்லாம் சாய்ந்தன. மாமாவின் முழங்கையில் ரத்தம். நான் அழுதேன். ரொட்டி விற்கும் அண்ணன் ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கினார்.

"அங்கிள், ஓகேவா? உடம்புக்கு ஒன்னும் இல்லியே?"

"எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்றார் மாமா. "பாப்பா, மீனப் பொறுக்கு."

அம்மா வந்து பார்த்ததும் கத்தினார். "ஏதாவது ஆயிருந்தா நான் என்னண்ணே செய்வேன்?" அன்று இரவு மாமா மீன் குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கரண்டியைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தார். "கொத்தமல்லியும் வாங்கிட்டு வாங்கண்ணே."

நானும் போகலாமென்று செருப்பைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். மாமா திரும்பி வரும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை. என் கையையும் விடவில்லை. இப்படிச் சும்மா நிற்கிற நேரத்துக்கு அம்மாவே கடைக்குப் போய் வந்திருக்கலாமே என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.